எதிராளியின் அலுமாரியில் இருக்கும் ஆதாரம்: கண்டி மாவட்டக் குடியியல் வழக்குகளில் ஆவண வெளிப்படுத்தல்

கலஹாப் பக்கத்தில் இருபது பேர்ச் காணியும் அதில் ஒரு வீடும் உள்ள ஒருவருக்கு அவசரமாகப் பணம் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கடன் தருபவர் கண்டி நகரத்தில் கடை வைத்திருப்பவர். "ஈடு எழுதினா வழக்கு, ஏலம்னு இழுத்துக்கிட்டே போகும். அறுதியா எழுதித் தாங்க, காசு கட்டி முடிச்சதும் திருப்பி எழுதித் தர்றேன்" என்கிறார். நொத்தாரிசு முன்னிலையில் அறுதி விற்பனை உறுதி எழுதப்படுகிறது. வீட்டில் தொடர்ந்து குடியிருப்பவர் பழைய உரிமையாளர்தான். மாதா மாதம் கடைக்குப் போய் வட்டி கட்டுகிறார். கடைக்காரர் ஒரு சீ.ஆர். கொப்பியில் திகதியையும் தொகையையும் எழுதி, பக்கத்தில் ஒரு கையொப்பம் வாங்கிக்கொள்கிறார். பற்றுச்சீட்டு கொடுப்பதில்லை. ஆறு வருடம் கழித்துக் காணி விலை ஏறியதும் "உறுதி என் பேரில் இருக்கிறது, வீட்டைக் காலி பண்ணுங்கள்" என்று கடிதம் வருகிறது.

இந்த வகை வழக்கு கண்டியில் அபூர்வமானதல்ல. சட்டம் கடன் வாங்கியவரைக் கைவிட்டுவிடவும் இல்லை. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச்சட்டத்தின் 83ஆம் பிரிவு, சொத்தை எழுதிக்கொடுத்தவர் அதன் பயன் உரிமையையும் விட்டுக்கொடுக்க நினைக்கவில்லை என்பது சூழ்நிலைகளிலிருந்து தெரிந்தால், எழுதி வாங்கியவர் அவருக்காகவே சொத்தை வைத்திருப்பதாகக் கொள்ள வேண்டும் என்கிறது. எஹியா லெப்பை எதிர் மஜீத் வழக்கின் தீர்ப்பு, புதிய சட்ட அறிக்கைகளின் 48ஆம் தொகுதியில் வந்த நாளிலிருந்து, அந்தச் சூழ்நிலைகள் எவை என்பதைச் சட்டத்தரணிகள் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்கள்: விலை உண்மையான பெறுமதியைவிட மிகக் குறைவாக இருந்ததா, எழுதிக்கொடுத்தவர் தொடர்ந்து குடியிருந்தாரா, உறுதி எழுதிய செலவை யார் கொடுத்தார், வட்டி கட்டப்பட்டதா. கடைசிக் கேள்விக்கு விடை அந்தக் கொப்பியில் இருக்கிறது. கொப்பி எதிராளியின் அலுமாரியில் இருக்கிறது.

அலுமாரியைத் திறக்க வைக்கும் வழியைத்தான் ஆங்கிலேயச் சட்ட மரபு ஆவண வெளிப்படுத்தல் என்று அழைக்கிறது. நம்முடைய சட்டக்கோவையில் அந்த வழி 1889 முதல் இருக்கிறது. கண்டி மாவட்ட நீதிமன்றத்திலும் கம்பளை, நாவலப்பிட்டி, தெல்தெனிய நீதிமன்றங்களிலும் வழக்காடுபவர்களில் மிகச் சிலரே அதைக் கையில் எடுக்கிறார்கள். ஆவணத்தைப் பற்றிய சண்டைகள் இங்கே இல்லாமலில்லை, நிறையவே உண்டு. ஆனால் வழக்கின் தொடக்கத்தில் போட வேண்டிய சண்டையை நாம் வழக்கின் நடுவிலும் முடிவிலும் போடுகிறோம். கண்டியின் குடியியல் வழக்குகள் நீளுவதற்கும், நியாயம் உள்ளவர் சில வேளைகளில் தோற்பதற்கும் இது ஒரு பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

கண்டியில் கடதாசி யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் முடிக்குரிய காணிகளில் அத்துமீறுவதைத் தடுக்க வந்தது. தோம்பு எனப்படும் காணிப் பதிவேடுகள் இல்லாத கண்டி மாகாணங்களில், இடையிடையே மட்டும் பயிரிடப்படும் சேனை நிலங்கள் முடிக்குச் சொந்தமானவை என்று அது அனுமானித்தது. உரிமை கோருபவர் அரசனின் சன்னஸ் என்ற செப்பேட்டையோ கொடைப் பத்திரத்தையோ காட்ட வேண்டும், அல்லது வழக்கமான வரியோ சேவையோ செலுத்தியதை நிரூபிக்க வேண்டும். அந்தக் காலத்தில் முடிக்குரிய காணி ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்குக் கோப்பித் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டது. பரம்பரையாக உழுது விதைத்த நிலம், ஒரு செப்பேடு கையில் இல்லாததால் கைமாறிப்போன கிராமங்கள் இந்த மலைகளில் பல. அதே ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டம், காணி கைமாற்றம் நொத்தாரிசு முன் எழுதப்பட்டால்தான் செல்லும் என்று விதித்தது. ஒரே வருடத்தில் வந்த இந்த இரண்டு சட்டங்களும் கண்டியாரின் வாழ்வில் எழுத்துக்கு இதற்கு முன் இல்லாத கனத்தைக் கொடுத்தன.

காணி உறுதியைப் பொறுத்தவரை இன்று ஒரு பாதுகாப்பு இருக்கிறது. நொத்தாரிசு எழுதும் உறுதியின் மூலம் வாங்கியவரிடம் போகிறது, மூலப்படி நொத்தாரிசிடம் தங்குகிறது, இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகிறது. எதிராளி உறுதியை ஒளித்து வைத்தாலும் கண்டி காணிப் பதிவகத்தில் விண்ணப்பித்து உறுதிப்படுத்திய பிரதி எடுத்துவிடலாம். ஆகவே உறுதியைப் பற்றி வெளிப்படுத்தல் சண்டை வருவது குறைவு. சண்டை வருவது உறுதியைச் சுற்றியிருக்கும் துண்டுகளைப் பற்றி: வட்டிக் கொப்பி, வங்கிக் கணக்குக் கூற்று, சகோதரர்கள் எழுதிக்கொண்ட இணக்கக் கடிதம், பங்காளிகளின் கணக்குப் பேரேடு, கைப்பேசியில் வந்த குறுஞ்செய்தி. இவற்றுக்கு இரண்டாம் பிரதி எந்த அலுவலகத்திலும் கிடையாது.

1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, அப்போதைய இந்தியச் சட்டக்கோவையின் வார்ப்பைப் பெரிதும் பின்பற்றியது. 1970களில் நீதி நிருவாகச் சட்டம் அதை ஒதுக்கியது. 1977இல் அது திரும்பி வந்தது. இன்றும் 94 முதல் 109 வரையான பிரிவுகள் வெளிப்படுத்தலைப் பேசுகின்றன. அவற்றைப் பொறுமையாக வாசிப்பவருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. கலஹாக்காரருக்குத் தேவையானவை எல்லாம் அங்கே உள்ளன.

94ஆம் பிரிவின்படி அவர் நீதிமன்றத்தின் அனுமதியுடன் கடைக்காரருக்கு எழுத்தில் வினாக்கள் அனுப்பலாம். "இந்த உறுதிக்குப் பின் என்னிடமிருந்து மாதந்தோறும் பணம் வாங்கினீர்களா? வாங்கியதை எதில் எழுதினீர்கள்? அந்தப் புத்தகம் இப்போது எங்கே?" என்று மூன்று வினாக்கள் போதும். கடைக்காரர் சத்தியக்கடதாசி மூலம் பதில் சொல்ல வேண்டும். 101ஆம் பிரிவின்படி, ஓர் ஆவணம் உண்மையானதென்று ஒப்புக்கொள்ளும்படி அறிவித்தல் கொடுக்கலாம்; நியாயமின்றி மறுப்பவர் அதை நிரூபிக்கும் செலவைச் சுமக்க நேரிடும். 102ஆம் பிரிவு இன்னும் வலிமையானது. வழக்கின் விடயத்தோடு தொடர்புடைய, இப்போது கையில் உள்ள அல்லது முன்பு இருந்த ஆவணங்கள் அனைத்தையும் சத்தியக்கடதாசியில் வெளிப்படுத்தும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம். "முன்பு இருந்த" என்ற சொற்களைக் கவனியுங்கள். கொப்பி தொலைந்துவிட்டது, எரிந்துவிட்டது என்று சொல்ல விரும்புபவர் அதைச் சத்தியத்தின் மேல் சொல்ல வேண்டியிருக்கும். பின்னர் குறுக்கு விசாரணையில் அந்தச் சத்தியத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். 103ஆம் பிரிவு, ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குத் தருகிறது. 104இன் கீழ், எதிர்த் தரப்பு தன் முறைப்பாட்டிலோ மறுமொழியிலோ சத்தியக்கடதாசியிலோ குறிப்பிட்ட ஆவணத்தைப் பார்வைக்குத் தரும்படி அறிவித்தல் கொடுக்கலாம். தராதவர் தக்க காரணம் காட்டினாலொழிய அதைத் தன் சார்பில் சான்றாகப் பயன்படுத்த முடியாது.

இவை எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்பது 109ஆம் பிரிவு. கட்டளை முறையாகச் சேர்ப்பிக்கப்பட்ட பின்னும் பதில் தராத, ஆவணம் காட்டாத வழக்காளியின் வழக்குத் தள்ளுபடியாகலாம்; எதிராளியின் மறுமொழி அடித்து நீக்கப்பட்டு, அவர் வழக்குக்குத் தோற்றாதவரின் நிலைக்குத் தள்ளப்படலாம். இவ்வளவு கடுமையான தண்டனையை நீதிபதிகள் தயங்கித்தான் கையில் எடுப்பார்கள்; அந்தத் தயக்கம் சரியானதே. பெரும்பாலும் இதே சொற்களைக் கொண்ட இந்திய விதியைப் பற்றி பப்பர் தையல் இயந்திரக் கம்பனி எதிர் திரிலோக் நாத் மகாஜன் வழக்கில் 1978இல் இந்திய உச்ச நீதிமன்றம், வேண்டுமென்றே கட்டளையை மீறியவர் மீதுதான் இதைப் பிரயோகிக்க வேண்டும், அதுவும் கடைசி வழியாக, என்று சொன்னது. கடைசி வழி என்று ஒன்று இருப்பதால்தான் முதல் வழிகளுக்கு மதிப்பு வருகிறது.

பிறகு ஏன் யாரும் கேட்பதில்லை? சட்டத்தரணிகளோடு பேசிப் பார்த்தால் முதலில் வரும் பதில் காலம் பற்றியது. வினாக்கோவை போட்டால் அதற்கு ஆட்சேபனை வரும், ஆட்சேபனைக்கு ஒரு தவணை, கட்டளைக்கு ஒரு தவணை, கட்டளைக்கு எதிராகக் கண்டியில் இருக்கும் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம். அதற்குள் வழக்கை விளக்கத்துக்கு எடுத்துவிடலாம் என்று தோன்றும். இரண்டாவது காரணத்தை வெளியில் சொல்பவர்கள் குறைவு. கேட்கத் தொடங்கினால் எதிர்த் தரப்பும் கேட்கும். தன் கட்சிக்காரரின் அலுமாரியில் என்ன இருக்கிறதென்று பெரும்பாலான சட்டத்தரணிகளுக்கு முழுமையாகத் தெரியாது. மூன்றாவது பழக்கம். மூத்தவர்கள் செய்யாததை இளையவர்கள் கற்றுக்கொள்வதில்லை. சட்டக் கல்லூரியில் ஒரு பரீட்சைக் கேள்விக்காகப் படித்த அத்தியாயம், சட்டத்தரணிகள் சங்கத்தில் சேர்ந்த பின் மறந்து போகிறது.

வெளிப்படுத்தலின் இடத்தை நம் நீதிமன்றங்களில் நிரப்பியிருப்பது ஆவணப் பட்டியல். 121ஆம் பிரிவின்படி, விளக்கத்துக்கு முன் சட்டம் குறித்த காலத்துக்குள், தாம் நம்பியிருக்கும் சாட்சிகளையும் ஆவணங்களையும் இரு தரப்பும் பட்டியலிட்டு, மற்றத் தரப்புக்கு அறிவித்தலோடு நீதிமன்றத்தில் இட வேண்டும். பட்டியலில் இல்லாத சாட்சியை அழைக்கவும் ஆவணத்தை முன்வைக்கவும் 175ஆம் பிரிவு நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்கிறது. கிரந்தா எதிர் மரியா வழக்கில் சொல்லப்பட்டபடி இதன் நோக்கம் எதிர்த் தரப்பைத் திடீரென்று திகைக்க வைப்பதைத் தடுப்பது. திகைப்பு இல்லையென்றால் நியாயத்தின் நலனுக்காக அனுமதி கொடுக்கலாம். நல்ல விதி. ஆனால் அது தனக்குச் சாதகமானதை மட்டும் வெளியே வைக்கச் சொல்கிறது. கடைக்காரர் தன் பட்டியலில் உறுதியைப் போடுவார். காணி வரித் துண்டைப் போடுவார். கொப்பியை ஏன் போட வேண்டும்?

பட்டியல் சண்டை எப்படி நடக்கும் என்பதை நீதிமன்றத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அறிவார்கள். சாட்சி கூண்டில் ஏறிவிட்டார். மூன்றாவது கேள்வியில் ஒரு கடிதம் எடுக்கப்படுகிறது. எதிர்ப்பக்கச் சட்டத்தரணி எழுந்து, "இது பட்டியலில் இல்லை" என்கிறார். கடிதத்தை எடுத்த சட்டத்தரணி மேலதிகப் பட்டியலைத் தேடுகிறார். அது நேற்றுப் பதிவுத் தபாலில் அனுப்பப்பட்டது, இன்னும் கோவையில் சேரவில்லை. நீதிபதி கோவையைப் புரட்டுகிறார். ஆட்சேபனையை எழுத்தில் தருமாறு கட்டளை பிறக்கிறது. சாட்சி இறங்கிப் போகிறார். புசல்லாவையிலிருந்து அதிகாலை பஸ் ஏறி வந்த முதியவர் அவர். அடுத்த திகதி நான்கு மாதத்துக்குப் பிறகு.

பட்டியலைத் தாண்டிய ஆவணமும் அமைதியாக உள்ளே போவதில்லை. வழக்காளியின் ஆவணங்கள் சிங்களத்தில் "பெ" என்றும் எதிராளியின் ஆவணங்கள் "வி" என்றும் இலக்கமிடப்படும்போது, மறுபக்கத்திலிருந்து "நிரூபித்தலுக்கு உட்பட்டு" என்ற சொல் அநேகமாகத் தானாக வரும். அப்படிச் சொன்னதும் ஆவணத்தை எழுதியவரை, பதிவகத்து எழுதுநரை, வங்கி முகாமையாளரை அழைக்க வேண்டிய கடமை பிறக்கிறது. வழக்கின் முடிவில் ஆவணங்களை வாசித்து வழக்கை முடிக்கும்போது அந்த ஆட்சேபனையை யாரும் திரும்பச் சொல்லாவிட்டால், ஆவணம் எல்லாத் தேவைகளுக்கும் சான்றாகிவிடும். இது நம் குடியியல் நீதிமன்றங்களின் நெடுநாள் வழக்கம் என்று இலங்கைத் துறைமுக அதிகார சபை எதிர் யூகோலினியா வழக்கில் 1981இல் பதிவான தீர்ப்பு சொல்கிறது. வருடக்கணக்காகச் சாட்சிகளை அலைக்கழித்த ஓர் ஆட்சேபனை, கடைசி நாளில் ஒருவர் வாய் திறக்காததால் கரைந்து போகும். 2022இல் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட 154அ பிரிவு இந்தச் சுமையைக் குறைக்கிறது: பார்வைக்கு ஒழுங்காக நிறைவேற்றப்பட்டதாகத் தோன்றும் ஆவணத்தின் உண்மைத்தன்மை முறைப்படி கேள்விக்கு உட்படுத்தப்படாவிட்டால், அதை நிரூபிக்கச் சாட்சிகளைத் தேட வேண்டியதில்லை. 101ஆம் பிரிவின் அறிவித்தலை ஒழுங்காகப் பாவித்திருந்தால் இந்தத் திருத்தத்தின் தேவையே பாதியாகியிருக்கும்.

1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச்சட்டம் மறைப்பவரைத் தண்டிக்க இன்னும் சில கருவிகளைத் தருகிறது. 66ஆம் பிரிவின் அறிவித்தல் கொடுத்த பின்னும் எதிராளி மூல ஆவணத்தைத் தராவிட்டால் பிரதியோ வாய்மொழியோ இரண்டாம் நிலைச் சான்றாக ஏற்கப்படலாம். அறிவித்தலை மறுத்தவர் பின்னர் அதே ஆவணத்தை எடுத்துக்கொண்டு வந்தால், 164ஆம் பிரிவு மற்றவரின் சம்மதமோ நீதிமன்றக் கட்டளையோ இல்லாமல் அதை ஏற்காது. 114ஆம் பிரிவின் (எஃப்) உதாரணம், கொடுக்கக்கூடிய சான்றைக் கொடுக்காதவருக்கு எதிராக அனுமானம் எடுக்க வழி செய்கிறது. இந்த (எஃப்) உதாரணத்தைத் தொகுப்புரைகளில் எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் நீதிபதி அந்த அனுமானத்தை எடுக்க, ஆவணம் இருந்தது என்றும் அது கேட்கப்பட்டது என்றும் பதிவில் இருக்க வேண்டும். சட்டக்கோவையின் 102இன் கீழ் ஒரு கட்டளையும் அதை மீறியதும் கோவையில் இருந்தால் அனுமானம் எடுப்பது எளிது. கேட்காமலே, "அவர் தரவில்லை" என்று தொகுப்புரையில் எழுதுவது பலவீனமான வாதம். இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு: நீங்கள் கேட்டு, கொண்டுவரப்பட்டு, வாசித்துப் பார்த்த ஆவணத்தை மறுபக்கம் வற்புறுத்தினால் நீங்களே சான்றாகக் கொடுக்க வேண்டும் என்கிறது 163ஆம் பிரிவு. கண்ணை மூடிக்கொண்டு கேட்கக்கூடாது.

மறுக்கும் உரிமையும் உண்மையானது. சட்டத்தரணிக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான தொடர்பைச் சான்றுக் கட்டளைச்சட்டத்தின் 126, 129 ஆகிய பிரிவுகள் காக்கின்றன; அரச அலுவல் பற்றிய வெளியிடாத பதிவேடுகளை 123. ஆனால் மறுப்பவர் ஆவணத்தைக் கொண்டுவராமல் இருந்துவிட முடியாது. 162ஆம் பிரிவின்படி அழைப்பாணை பெற்ற சாட்சி, தன் ஆட்சேபனையோடு சேர்த்து ஆவணத்தையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஆட்சேபனை செல்லுமா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கும். பிரதேச செயலகக் கோவைகளுக்கு இப்போது இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். காணிக் கச்சேரிக் குறிப்பு, அனுமதிப்பத்திர விபரம் போன்றவற்றை வழக்குப் போடும் முன்பே இப்படி எடுத்துவிட்டால், அழைப்பாணைக்கும் தவணைக்கும் போகும் மாதங்கள் மிச்சமாகும்.

பாகப்பிரிவினை வழக்குகளின் தன்மை வேறு. கண்டிக் கிராமங்களில் ஒரு காணிக்கு நாற்பத்தெட்டில் ஒரு பங்கு, அதற்கும் கீழே என்று பங்குகள் உடைந்திருக்கும். மணமுடித்துக் கணவன் வீடு போன தீகப் பெண்ணா, கணவன் தன் வீடு வந்து சேர்ந்த பின்னப் பெண்ணா என்ற கேள்வி பங்கை மாற்றும். மாதர் எதிர் தாமோதரம் பிள்ளை என்ற 1903ஆம் ஆண்டுத் தீர்ப்பு முதல், கட்சிக்காரர்கள் இணங்கினாலும் உரிமையை ஆராய்வது நீதிபதியின் சொந்தக் கடமை என்பது நிலைத்த சட்டம். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 25ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. அப்படியானால் ஒரு வாரிசின் வீட்டுப் பெட்டிக்குள் கிடக்கும் பழைய இணக்கப் பத்திரத்தை வெளியே கொண்டுவருவதும் நீதிபதியின் அக்கறைக்குரிய விடயமாகிறது. சான்றுக் கட்டளைச்சட்டத்தின் 165ஆம் பிரிவு அதற்கான அதிகாரத்தையும் கொடுக்கிறது.

கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இந்தக் கேள்வி வேறொரு முகம் காட்டுகிறது. தெல்தோட்டையிலோ ஹந்தானையிலோ முப்பது வருடம் கொழுந்து பறித்த பெண் பணிக்கொடை கேட்டுத் தொழில் நியாய சபைக்கு வருகிறார். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி ஒவ்வொரு வருட சேவைக்கும் 14 நாள் சம்பளம். எத்தனை வருடம் என்பதுதான் வழக்கு. அவருடைய வருடங்கள் அனைத்தும் செக்ரோல் என்ற வேலைநாள் பதிவேட்டில் இருக்கின்றன. காலையில் பேர் போட்ட ஒவ்வொரு நாளும் கணக்கப்பிள்ளையின் கையெழுத்தில் இருக்கிறது. செக்ரோல் தோட்டத்து அலுவலகத்தில் இருக்கிறது. இடையில் நிருவாகம் மாறியது, கொட்டகை ஒழுகியது, கரையான் அரித்தது என்று பல கதைகள் சொல்லப்படும். தொழில் நியாய சபை சான்றுக் கட்டளைச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. நீதியும் நியாயமுமான கட்டளை ஒன்றைச் செய்யத் தேவையான விசாரணை முழுவதையும் அது நடத்தலாம். முதல் தவணையிலேயே செக்ரோலைக் கொண்டுவரச் சொல்லும் தலைவர் ஒருவர் இருந்தால், அந்தப் பெண்ணின் வழக்கு பாதி முடிந்துவிடும். கடைசி வரை விட்டு, "தொழிலாளி தன் சேவையை நிரூபிக்கவில்லை" என்று எழுதுவது எந்த வகையிலும் நியாயமல்ல. பதிவேட்டை வைத்திருந்தவர் ஒருவர், நிரூபிக்க வேண்டியவர் இன்னொருவரா?

மொழியும் இங்கே ஒரு பூட்டு. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, தமிழில் முறைப்பாடும் விண்ணப்பமும் இடும் உரிமையையும், மொழிபெயர்ப்பும் உரைபெயர்ப்பும் பெறும் உரிமையையும் தருகிறது. நடைமுறையில் கண்டியின் பதிவு மொழி சிங்களம். தமிழ்க் கட்சிக்காரர் ஒருவர் சத்தியக்கடதாசியில் கையொப்பமிடும்போது, அதில் "என் வசம் வேறு ஆவணங்கள் இல்லை" என்று எழுதியிருப்பதை வாசித்துப் புரிந்துகொண்டாரா என்று யாரும் கேட்பதில்லை. பிறகு அவர் வீட்டிலிருந்து ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தால், அவர் பொய்ச் சத்தியம் செய்தவராகிறார். வெளிப்படுத்தலைக் கடுமையாக்க வேண்டும் என்று எழுதும் நான், சத்தியக்கடதாசியைத் தமிழில் வாசித்துக் காட்டும் ஒழுங்கு அதற்கு முன்னால் வர வேண்டும் என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்கிறேன்.

இப்போது கொப்பிகள் கைப்பேசிக்கு மாறிவிட்டன. வட்டி கட்டியதை வட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்புகிறார்கள். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று விசேட ஏற்பாடுகள் சட்டம், ஒலிப்பதிவையோ கணினிச் சான்றையோ முன்வைப்பவர் விளக்கத்துக்கு 45 நாட்களுக்கு முன் அறிவிக்க வேண்டும் என்றும், மற்றவர் 15 நாட்களுக்குள் பார்வையிட அனுமதி கேட்கலாம் என்றும் சொல்கிறது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம், தன் எல்லைக்குள் வரும் தரவுச் செய்திகளுக்கு அந்தப் பழைய சட்டம் பொருந்தாது என்கிறது. எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறோம் என்ற சண்டையிலேயே ஆதாரம் சிக்கிக்கொள்வதுண்டு. அனுபவமுள்ளவர்கள் எந்தச் சட்டம் பொருந்தினாலும் சரி என்று 45 நாள் அறிவித்தலைக் கொடுத்துவிடுகிறார்கள். அதுவே புத்திசாலித்தனம்.

உலகத்தின் மற்றப் பக்கங்களில் பிரச்சினை தலைகீழானது. 1882இல் பெருவியன் குவானோ வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம், நேராகவோ சுற்றிவளைத்தோ ஒரு விசாரணைத் தடத்துக்கு இட்டுச் செல்லக்கூடிய ஆவணம் எதுவும் வெளிப்படுத்தப்பட வேண்டும் என்றது. நூறு வருடத்தில் அந்த அகலமான வாய் பெட்டி பெட்டியாகக் கடதாசியை விழுங்கி, வழக்குச் செலவை மலைபோல் ஆக்கியது. வூல்ஃப் பிரபுவின் 1996ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின் 1999 முதல் அங்கே எல்லை குறுக்கப்பட்டது. அமெரிக்காவில் 1938 முதல் தாராளமான வெளிப்படுத்தல். 2004இல் சுபுலேக் எதிர் யூபிஎஸ் வார்பர்க் வழக்கில் அழிக்கப்பட்ட மின்னஞ்சல்களுக்காக எதிரான அனுமானம் எடுக்கலாம் என்று நடுவர் குழாத்துக்குச் சொல்லத் தீர்மானிக்கப்பட்டது. 2015இல் அளவோடு கேட்க வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. இந்தியா 2015இல் வணிக வழக்குகளுக்கு மட்டும் தொடக்கத்திலேயே எல்லா ஆவணத்தையும் வெளியிடும் கடமையைக் கொண்டுவந்தது. அவர்கள் அதிகம் கேட்டு மூச்சுத் திணறுகிறார்கள். நாம் கேட்காமலே திணறுகிறோம். அவர்களிடமிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னால், அமெரிக்கக் கூட்டாட்சி விதியின் ஒரு சிறு நிபந்தனையை எடுப்பேன்: ஆவணத்தைத் தரும்படி கட்டளையிடக் கேட்டு விண்ணப்பிக்கும் சட்டத்தரணி, அதற்கு முன் எதிர்ப்பக்கத்தோடு நல்லெண்ணத்தில் பேசிப் பார்த்ததாக எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். கண்டிச் சட்டத்தரணிகள் ஒரே சங்கத்தில் ஒரே மேசையில் தேநீர் குடிப்பவர்கள். ஒரு கடிதமும் ஒரு தொலைபேசி அழைப்பும் போதுமான இடத்தில் மூன்று தவணை ஏன்?

அண்மைக் காலத் திருத்தங்கள் நம் சட்டக்கோவைக்குள்ளும் விளக்கத்துக்கு முந்திய கட்டம் ஒன்றைக் கொண்டுவந்திருக்கின்றன. அதை வெறும் இணக்க முயற்சியாகவும் திகதி குறிக்கும் நாளாகவும் கழித்துவிடாமல் ஆவண நாளாக மாற்றலாம். நீதிபதி இரு பக்கத்தையும் பார்த்து மூன்று கேள்விகள் கேட்டால் போதும்: உங்கள் கையில் இல்லாத, மறுபக்கத்தில் இருக்கிறது என்று நீங்கள் நம்பும் ஆவணம் எது? இவர் சொன்னது உங்களிடம் இருக்கிறதா? இந்தப் பட்டியலில் எதன் உண்மைத்தன்மையை உண்மையாகவே மறுக்கிறீர்கள்? விடைகள் வழக்கேட்டில் எழுதப்பட வேண்டும். இல்லை என்று சொன்னவர் பின்னர் கொண்டுவந்தால் 175இன் கீழ் அனுமதி கேட்கும்போது அந்தப் பக்கம் திறக்கப்படும். மறுத்தவர் தோற்றால் நிரூபித்த செலவு அவர் தலையில் விழும். புதிய சட்டம் எதுவும் இதற்குத் தேவையில்லை. கேட்பவருக்கும் கட்டுப்பாடு வேண்டும். எம்.எல்.சேத்தி எதிர் ஆர்.பி.கபூர் வழக்கில் 1972இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னபடி, கேட்கும் ஆவணம் சான்றாக ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டியதில்லை, வழக்கின் விடயத்தில் வெளிச்சம் போட்டால் போதும். ஆனால் பெயரும் காலமும் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். "சம்பந்தப்பட்ட எல்லா ஆவணங்களும்" என்று கேட்பவருக்கு எதுவும் கிடைக்காது; கிடைக்கவும் கூடாது.

கலஹாக்காரரின் வழக்குக்குத் திரும்புவோம். முறைப்பாடு இட்டு, மறுமொழி வந்த அன்றே அவருடைய சட்டத்தரணி 102இன் கீழ் விண்ணப்பிக்கிறார்: இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை, இன்ன கடையில், கடன் கொடுக்கல்வாங்கல் எழுதப்பட்ட கணக்குப் புத்தகங்கள். கடைக்காரருக்கு இப்போது மூன்று வழிகள்தான். கொப்பியைக் கொண்டுவரலாம், அதில் எழுபத்திரண்டு மாதங்களும் எழுபத்திரண்டு கையொப்பங்களும் இருக்கும். அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று சத்தியம் செய்யலாம். கடையில் வேலை செய்த பையன் சாட்சிக் கூண்டில் ஏறும் நாளை எண்ணிப் பயந்துகொண்டே செய்வார். அல்லது தன் சட்டத்தரணியைத் தனியாக அழைத்துப் போய், "எவ்வளவு கேட்பாங்க, பேசி முடிச்சிடலாமா?" என்று கேட்கலாம்.